பதிவுப் புத்தகத்தில் இல்லாத அக்சில்: மாங்கேணியின் பழைய ஜீப்புகளும் பிரேக்கைப் பார்க்காத சட்டமும்

ஐந்து வருடங்களாக மூடிக் கிடந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டபோது, எந்தக் கார் என்ன விலைக்கு வரும், எந்த வரி எவ்வளவு என்று கொழும்பு ஊடகங்கள் நாட்கணக்கில் பேசின. வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியில் வடக்கே இருப்பவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில் கிடக்கிற மாங்கேணியில் புதிய ‘போர்வீல்’ வாகனம் வாங்கக்கூடியவர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே அதிகம். அங்கே ஓடுகிற ஜீப்புகளில் பல என் வயதுக்கு மூத்தவை.

அவை இன்னும் ஓடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உடைந்த பாகத்துக்குப் பதிலாக அதே பாகத்தைத் தேடுவதை நம் ஆட்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். வேறொரு வாகனத்தின் பலமான பாகத்தை எடுத்துப் பூட்டிவிடுகிறார்கள். எஞ்சினை மாற்றுவது பழைய கதை. இலங்கை முழுவதும் பழைய லாண்ட்ரோவர்களுக்குள் யப்பான் டீசல் எஞ்சின்கள் ஏறியிருக்கின்றன. நான் இங்கே பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. எஞ்சினின் இழுவையைத் தாங்க முடியாமல் உடைகிற அக்சிலைக் கழற்றிவிட்டு, இன்னொரு வாகனத்தின் அக்சிலை முழுதாகக் கொண்டுவந்து அடியில் பொருத்துகிற வேலை அது. வெளிநாடுகளில் இது பணமும் நேரமும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு. இங்கே இது வயலுக்கும் வாடிக்கும் போய்வருகிற வழி. இந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் எது ஆபத்து, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது அல்லது பார்க்காமல் விடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கோறளைப்பற்று வடக்கு, அதாவது வாகரைப் பிரதேசம், நெடுக்காகக் கிடக்கிற நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். நடுவில் ஏ-15 வீதி. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, வீதியும் செப்பனிடப்பட்ட பிறகு மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் பாதைப் படகுக்குக் காத்திருக்காமல் போய்விடலாம். ஆனால் பிரதான வீதியைவிட்டு மேற்கே திரும்பினால் கதை வேறு. கட்டுமுறிவு, ஆண்டான்குளம், மதுரங்கேணிக்குளம், ஓமடியாமடு போன்ற ஊர்களின் வயல்களுக்கும் பட்டிகளுக்கும் போகிற பாதைகள் கோடையில் மணல், மாரியில் சேறு. கிழக்கே கடற்கரைக்குத் திரும்பினாலும் மணல்தான். உரமூட்டை, நெல், வலை, படகு எஞ்சின், ஐஸ் பெட்டி, அவசரமென்றால் நோயாளி என எல்லாமே உழவு இயந்திரத்தில் அல்லது பழைய ஜீப்பில்தான். யானை நடமாடும் பாதையில் இரவில் உழவு இயந்திரத்தில் போக யாரும் விரும்புவதில்லை. கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து வெருகல் பக்கம் தண்ணீருக்குள் போனபோது, சாதாரண வாகனம் எதற்கும் உதவாத நாட்கள் எப்படியிருக்கும் என்பதை எல்லோரும் மீண்டும் ஒருமுறை கண்டார்கள்.

இந்தக் கட்டுரைக்காக மாங்கேணிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இரண்டு பகல்கள் இருந்தேன். தகரக் கூரை, ஒரு வெல்டிங் பிளான்ட், மரக்கட்டைகளின் மேல் நிற்கிற நீளச் செசி லாண்ட்ரோவர் ஒன்று. மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். கழற்றிய அக்சில் சாஃப்ட்டைக் கையில் தந்தார். முறிந்த இடம் கயிறு முறுக்கியதுபோல் திருகியிருந்தது.

“உடையிறதுக்கு முந்தி முறுகும் தம்பி. முறுகினதை யாரும் கழட்டிப் பாக்கிறல்ல. மறுகா ஒரு நாளைக்கு நடுக் காட்டுக்க டக்கெண்டு விட்டிரும்.”

அது ஏன் உடைகிறது என்பது எளிய கணக்கு. ‘சீரிஸ்’ லாண்ட்ரோவரின் 2.25 லீற்றர் டீசல் எஞ்சின் தருவது சுமார் 140 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. முதலாம் கியரும் லோ கியரும் டிபரன்சலும் சேர்ந்து அதை ஏறத்தாழ 40 மடங்காக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புகின்றன. இந்த விசை கடைசியில் போய்ச் சேர்வது, டிபரன்சலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கிடக்கிற மெல்லிய உருக்குத் தண்டில். பழைய சீரிஸ் வண்டிகளில் அந்தத் தண்டின் நுனியில் வெறும் 10 பற்கள்தான். பற்களின் அடியில் உருக்கு மெலிந்திருக்கிறது, அங்கேதான் முறிவும் தொடங்குகிறது. தொழிற்சாலை தந்த எஞ்சினுக்கும் ஒடுங்கிய ரயருக்கும் அந்தத் தண்டு போதும். அதைவிடப் பலமான யப்பான் எஞ்சினை வைத்து, மணலில் புதையாமல் இருக்க அகலமான பெரிய ரயரையும் போட்டு, ஒரு தொன்னுக்கு மேல் நெல்லும் ஏற்றினால் தாங்காது. இந்தக் குறை தயாரித்தவர்களுக்கும் தெரியும். 1972இலிருந்து நீளச் செசி சீரிஸ் III வண்டிகளின் பின்பக்கத்துக்குச் ‘சோல்ஸ்பரி’ என்கிற தடித்த அக்சிலைக் கொடுத்தார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் முதலில் தேடுவதும் அதைத்தான். சேதமில்லாத ஒன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கிடைக்காதபோதுதான் ரொயோட்டா, நிசான் அக்சில்களின் பக்கம் கை போகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பழைய லாண்ட்ரோவரின் அக்சில் சாஃப்ட் முறிந்தால் அது பேரிடர் அல்ல. வண்டியின் பாரத்தை அக்சில் கூடுதான் தாங்குகிறது, சாஃப்ட் சுழல மட்டுமே செய்கிறது. ஆகவே சாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஜாக்கி போடாமலே ஆறு போல்ட்டைக் கழற்றித் துண்டுகளை உருவிவிட்டு, முன்சக்கர இழுவையில் வீடு வந்து சேரலாம். முந்தைய தலைமுறைச் சாரதிகள் சீற்றுக்குக் கீழே ஒரு புதுச் சாஃப்ட்டை எப்போதும் வைத்திருந்தார்கள். சில யப்பான் வாகனங்களின் பின் அக்சிலில் சாஃப்ட்டே பாரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமும் சேர்ந்து வெளியே வரும். “பலமான” அக்சில் என்று வாங்கிப் பூட்டுவது எல்லா வகையிலும் பாதுகாப்பானது என்று நினைக்கக் கூடாது. அதோடு, சங்கிலியில் மெல்லிய வளையத்தைத் தடிப்பாக்கினால் அடுத்த மெல்லிய வளையம் அறும். அக்சில் தாங்கினால் கியர்பெட்டி போகும். அதன் செலவு சாஃப்ட்டின் செலவைவிடப் பல மடங்கு.

அந்தக் கராஜில் நான் பார்த்த வேலைகளில் பாதியாவது தேவையற்றவை என்பது என் எண்ணம். சிறிய ரயரும் ஒரு மேலதிக சாஃப்ட்டும் போதுமான இடத்தில் முழு அக்சிலை மாற்றியிருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நல்ல சாஃப்ட் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். பெட்டியில் வருவதெல்லாம் எங்கேயோ வார்த்த போலி உருக்கு, நாலு மாதத்துக்கு மேல் நிற்காது என்பது அவருடைய அனுபவம். நல்லதை வாங்கலாமென்றால், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியபோது ஏறிய உதிரிப்பாக விலைகள் பழைய நிலைக்கு இறங்கவேயில்லை. கழிக்கப்பட்ட வாகனத்தின் அக்சில் முழுதாகவே அதைவிட மலிவாகக் கிடைக்கிறது.

மாற்றுகிற வேலையில் ஆறேழு சிக்கல்கள் உண்டு. எல்லாவற்றையும் விவரித்தால் இது கைநூலாகிவிடும். மூன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போவது அவற்றில்தான்.

முதலாவது, முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்கவேண்டும். சீரிஸ் லாண்ட்ரோவரின் டிபரன்சல் விகிதம் 4.7. காசில்லாததால் பின் அக்சிலை மட்டும் மாற்றி, 4.11 விகிதமுள்ள ரொயோட்டா அக்சில் ஒன்றைப் பூட்டுகிறார் ஒருவர் என்று வைப்போம். போர்வீல் போட்டதும், முன்சக்கரம் 100 மீற்றர் உருளும் நேரத்தில் பின்சக்கரம் 114 மீற்றர் உருள முயலும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். போர்வீலை எடுக்க மறந்து தார் வீதிக்கு ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைக்கும், அல்லது வளைவில் வண்டி சொன்ன பக்கம் திரும்பாது. பிந்திய ‘டிபெண்டர்’ வண்டியின் சோல்ஸ்பரியைப் போட்டாலும் இதே கதைதான். அதன் விகிதம் 3.54. அதை முன்னும் பின்னும் மாற்றினால்கூட இழுவை கால்வாசி குறையும். வேகத்துக்கு நல்லது, நெல் ஏற்றிச் சேற்றில் போகிறவனுக்கு நட்டம்.

இரண்டாவது, வெல்டிங். லாண்ட்ரோவரின் ஸ்பிரிங் பட்டைகள் அமரும் இடமும் வேறு வாகன அக்சிலின் இருக்கைகளும் பொருந்தா. பழைய இருக்கைகளை அறுத்து, புதியவற்றை ஒட்டவேண்டும். அக்சில் கூட்டை ஒரே பக்கத்தில் சூடாக்கினால் அது நூல் அளவு வளையும். நூல் அளவு போதும், பெயாரிங்கையும் சீலையும் வருடக்கணக்கில் தின்பதற்கு. நல்ல மெக்கானிக் கொஞ்சம் ஒட்டி, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் ஒட்டி, மறுபடி ஆறவிடுவார். அவசரக்காரர் ஒரே மூச்சில் முடிப்பார். இரண்டுக்கும் மேலே கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் பயமுறுத்துவது: பிரேக். பழைய வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். புதிதாக வரும் முன் அக்சிலில் டிஸ்க் பிரேக் இருக்கும். அதற்குத் தேவையான எண்ணெயின் அளவும் அழுத்தமும் வேறு, ஆகவே மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றவேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் எந்த அளவில் பிடிக்கவேண்டும் என்பதையும் சரிசெய்யவேண்டும். பின்சக்கரம் முதலில் இறுகினால் மழை வீதியில் வண்டி பின்பக்கமாகச் சுழலும். நான் பார்த்த ஐந்து வண்டிகளில் இரண்டில்தான் மாஸ்டர் சிலிண்டர் மாற்றப்பட்டிருந்தது. மற்ற மூன்றில் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கும் என்று உரிமையாளர்கள் ஒரு பழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். மணல் பாதையில் அது போதும். ஏ-15 வீதியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் போதாது. பாலங்களும் நல்ல தாரும் வந்த பிறகு அந்த வீதியில் எல்லோரும் ஓட்டுகிற வேகமும் கூடியிருக்கிறது.

இந்தக் கைப்பழக்கம் ஒரு நாளில் வந்ததல்ல. யுத்தக் காலத்தில் வடக்குக்கு எரிபொருளும் பட்டரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஓஸ்டின், மொறிஸ் கார்களைப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தத் தடை 2002 ஜனவரியில்தான் முறைப்படி எடுக்கப்பட்டது. கிழக்கில் ‘விடுவிக்கப்படாத பகுதி’ என்று பெயர் வைத்த இடங்களுக்கும், படுவான்கரைக்கும் வாகரைக்கும், எது போகலாம் எது போகக்கூடாது என்பதைச் சோதனைச்சாவடிகள் தீர்மானித்தன. வாகரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது மாங்கேணி படையினரின் முன்னரங்கு. 2006 ஓகஸ்டுக்குப் பிறகு மூதூர், சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் வாகரையில் அடைபட்டிருந்த மாதங்களில், உணவும் மருந்தும் போவதும் நிற்பதும் மாங்கேணியில்தான் முடிவானது. அந்த நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 2007 ஜனவரி 19இல் வாகரை படையினர் வசமானது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு போல்ட்டைக்கூட எறியாமல் தகரப் பேணிக்குள் போட்டு வைப்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதேபோல், கொடுக்கும் வாகனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் நம்மிடத்தில் மற்ற இடங்களைப்போல் இலேசானது அல்ல. பெரும்பாலான அக்சில்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வருகின்றன. யப்பானில் கழித்துத் துண்டாக்கிக் கொண்டெயினரில் வந்த சாமான்கள் அவை. சில, சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பை நிறைத்த தொண்டு நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் கழிவாக விற்கப்பட்டபோது வந்தவை என்கிறார் மெக்கானிக். இன்னும் சில பழைய இரும்பு வியாபாரிகள் வழியாக வடக்கிலிருந்து வந்தவை. அவற்றைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். 2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் கரையில் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் சில உரியவர்களிடம் திரும்பிப் போயின. மற்றவை இரும்பாயின. அக்சிலில் பதிவு இலக்கம் இல்லை. ஆகவே எந்தச் சக்கரத்தின் கீழ் யாருடைய வாகனத்தின் துண்டு சுழல்கிறது என்பதை எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் கண்டுபிடிக்க முடியாது. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த வேலையை “மறுபயன்பாடு” என்று எளிதாகப் புகழ்ந்து எழுத என்னால் முடியவில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. ஒரு வாகனத்தை அரசு அடையாளம் காண்பது செசி இலக்கத்தாலும் எஞ்சின் இலக்கத்தாலும். பதிவில் உள்ள விபரம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். எஞ்சினை மாற்றினால் இலக்கம் மாறும், அது அகப்படும். அக்சிலை மாற்றினால் இலக்கம் எதுவும் மாறாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வண்டியின் பிரேக், ஸ்ரேறிங், பாரம் தாங்கும் கூடு எல்லாம் மாறியிருக்கும். புத்தகத்தின்படி அது இன்னும் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே வண்டி.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு என்ன தேவை? காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும். லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும், தனியார் ஜீப்புக்கு அது தேவையில்லை. ஆக, குழாயிலிருந்து வரும் புகையை வருடம் தவறாமல் அளக்கிற அரசு, பிரேக் பிடிக்கிறதா என்பதை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. கடந்த வருடம் ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’வின் பேரில் பொலிஸார் வீதியில் இறங்கியபோது கழற்றியவை மேலதிக விளக்குகள், ஹோர்ன்கள், பஸ்களினதும் முச்சக்கரவண்டிகளினதும் அலங்காரங்கள். சங்கங்கள் எதிர்த்ததும் அந்த வேகம் தணிந்தது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் வீதியில் நின்று பிடிக்கமுடியும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனைகளில் அகலமான ரயருக்காகத் தண்டம் கட்டிய ஜீப் உரிமையாளர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய பிரேக் மூன்று மிதிக்குத்தான் பிடிக்கும். அதை யாரும் கேட்கவில்லை.

விபத்து நடந்தால் அப்போது எல்லோரும் கேட்பார்கள். காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் கீழே குனிந்து பார்த்தால், பதிவில் சொல்லாத மாற்றம் என்று இழப்பீட்டை மறுப்பதற்குக் காரணம் கண்முன்னே இருக்கும். நீதிமன்றத்தில் சாரதியின் நிலை இன்னும் மோசம். அக்சிலை மாற்றியவர் பற்றுச்சீட்டுக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகும்.

மற்ற நாடுகள் இதை மூன்று விதமாகக் கையாள்கின்றன. இந்தியா கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விபரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் நீண்டகாலம் புள்ளி முறை ஒன்று இருந்தது. மாற்றியமைத்த வாகனம் தன் பழைய பதிவை வைத்திருக்க 8 புள்ளிகள் வேண்டும். மாற்றாத செசிக்கு 5, அக்சில்களுக்கு 2, ஸ்பிரிங் தொகுதிக்கு 2, ஸ்ரேறிங்குக்கு 2, கியர்பெட்டிக்கு 2, எஞ்சினுக்கு 1. அங்கே எஞ்சினைவிட அக்சிலுக்கு மதிப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் புத்தகத்தில் அது தலைகீழ். நியூசிலாந்தின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே தனி ஆட்கள் செய்யும் மாற்றங்களுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர்கள் இருக்கிறார்கள். வேலை தரமென்றால் என்ன மாற்றப்பட்டது என்பதைப் பொறித்த ஒரு சிறு தகட்டை வண்டியில் அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மாற்றம் சட்டபூர்வமானது.

இந்தியாவின் வழி இங்கே வந்தால் மாங்கேணியிலும் கட்டுமுறிவிலும் வண்டிகள் நின்றுவிடாது. மறைவாக ஓடும். மறைவாக ஓடுகிற வண்டிக்கு என்ன நடக்கும் என்பதை 2022இல் பார்த்தோம். எரிபொருள் கியூஆர் முறை வந்தபோது செசி இலக்கத்தைக் கொடுத்தால்தான் பதியலாம். புத்தகம் தொலைந்தவர்கள், இலக்கம் துருப்பிடித்து அழிந்தவர்கள், வேறொருவர் பேரில் வண்டி இருந்தவர்கள் வரிசைக்கு வெளியே நின்றார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்படும்வரை கறுப்புச் சந்தை டீசலில்தான் அவர்களுடைய வயல் விளைந்தது.

புத்தகம் இல்லாதவர்கள் என்பதை வெறும் கவனக்குறைவு என்று யுத்தம் தெரியாத ஒருவர் நினைக்கலாம். இடப்பெயர்வில் பெட்டியோடு போன புத்தகங்கள் எத்தனை. நான் சந்தித்த ஒரு பெண்ணின் வீட்டில் நிற்கிற ஜீப் இன்னும் அவர் கணவரின் பேரில் இருக்கிறது. கணவர் காணாமல் ஆக்கப்பட்டு வருடங்கள் பல. வண்டியைத் தன் பேருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும், அல்லது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படியான சான்றிதழ் வேண்டும். முதலாவதை அவர் எடுக்கமாட்டார். இரண்டாவதையும் எடுக்கவில்லை. என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் கடதாசியைத் தந்து கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த ஜீப்பை அவருடைய மகன் ஓட்டுகிறார், அதன் பின் அக்சில் இரண்டு வருடத்துக்கு முன் மாற்றப்பட்டது. பதிவு செய்யுங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்கிற எந்த முறையும், கணவர் இறந்துவிட்டார் என்று முதலில் கையெழுத்து வையுங்கள் என்று சொல்வதாகவே முடியும். ஆகவேதான் உரிமை மாற்றத்தையும் பாதுகாப்புச் சோதனையையும் ஒன்றோடொன்று கட்டக்கூடாது என்கிறேன். வண்டி யாருடையது என்பது ஒரு கேள்வி. அது நிற்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை காண முதலாவது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பழைய மெக்கானிக்குகளின் அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் வழங்குகிற முறை நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிச் சான்றிதழ் பெற்றவர்கள் மாற்றிய அக்சிலுக்கு எழுத்தில் பொறுப்பேற்கலாம். எந்த வாகனத்தின் அக்சில், என்ன விகிதம், எந்த பிரேக், யார் ஒட்டியது என்று ஒரு பக்கம் போதும், தமிழில். லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிற கராஜ்களிடமே பிரேக் சோதனையை ஒப்படைக்கலாம். முதல் வருடத்தில் தண்டம் அறவிடக்கூடாது. அறவிட்டால் நல்ல வண்டிகள் மட்டும் வரும், சோதிக்கவேண்டியவை வராது.

இதை யார் செய்வது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கிறோம், அந்தக் காசு மாகாணத்துக்குப் போகிறது. வாகனத்தின் பதிவும் தொழில்நுட்ப விதிகளும் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கின்றன. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழ் காசு வசூலாகிறது, கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர்கூட இல்லை. வாகரை மக்களின் வண்டிகளுக்கு எந்த விதி பொருந்தும் என்று மாகாணத்தில் யாராவது எழுந்து பேசியிருந்தால், தண்டத்துக்குப் பதிலாக ஒரு பிரேக் சோதனைக் கருவியாவது இந்தப் பக்கம் வந்திருக்கலாம். ஆளடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடமாடும் சேவை நடத்துகிறார்கள். லொறியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய பிரேக் சோதனைக் கருவிகளும் உலகத்தில் இருக்கின்றன. அடுத்த நடமாடும் சேவை வாகரையில் நடக்கும்போது அப்படி ஒன்றைக் கொண்டுவரும்படி பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்கலாம் என்று அந்தக் கராஜுக்கு வருகிற சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடிதத்தை எழுதித்தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேருக்கு வண்டி தங்கள் பேரில் இல்லை.